ஒன்றரை லட்சம் இருக்கிறது: புது கேமரா பாடியா, லென்ஸும் லைட்டுமா, செகண்ட் ஹேண்டா, வாடகையா?

வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் வந்திருந்தார். மூன்று வருடம் ஒரு கல்யாண ஃபோட்டோகிராஃபரிடம் அசிஸ்டெண்டாக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஆர்டர் பிடிக்கிறார். கையில் பழைய நிக்கான் கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா ஒன்று, அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், கேமரா தலையில் மாட்டும் ஒரு ஃபிளாஷ். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த ஒன்றரை லட்சம் இருக்கிறது. "இன்னும் ஐம்பதாயிரத்துக்கு ஈ.எம்.ஐ. போட்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் எடுத்துடவா அண்ணா?" என்று கேட்டார். பெரிய சென்சாரோடு, உள்ளே கண்ணாடி இல்லாமல் வருகிற புது வகைக் கேமரா அது. திருவொற்றியூரில் ஒருவர், பெரம்பூரில் ஒருவர், இதே கேள்வியை இந்த மாதமே கேட்டுவிட்டார்கள். தொகை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

"கேமரா முக்கியமில்லப்பா, கண்ணுதான் முக்கியம்" என்று தோளில் தட்டி அனுப்பிவிடலாம். அம்மாவின் சீட்டுப் பணத்தோடு வந்து நிற்கிறவருக்கு அது பதில் ஆகாது. இந்தத் தொழிலில் கருவி முக்கியம்தான். ஆனால் எது முதலில், எது பிறகு என்ற வரிசையைத்தான் நிறையப் பேர் தலைகீழாகப் போட்டுக்கொள்கிறார்கள். பாடியில் (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில்) தொடங்கி, லென்ஸுக்கு வரும்போது பணம் தீர்ந்து, லைட்டுக்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது?

வேலைக்கு நடுவில் கருவி கைவிடக் கூடாது. எனக்கு இதுதான் முதலாவது. காரணம் சொல்கிறேன். 2014 வைகாசியில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணம். அப்போது என் கேமராவில் கார்டு போட ஒரே ஒரு இடம்தான். முகூர்த்தம் முடிந்து பந்தியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது திரையில் கார்டு எர்ரர் வந்தது. ரெக்கவரிக்குக் கொடுத்ததில் காலையில் எடுத்த படங்கள் வந்தன, தாலி கட்டும் நேரம் வரவில்லை. பெண்ணின் அம்மா சத்தம் போடவில்லை. "ஒண்ணுகூடவா இல்ல தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் மாப்பிள்ளையின் சித்தப்பா பையன் மேடைக்குக் கீழே நின்று போனில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. முன்னால் நிற்கும் யாரோ ஒருவரின் தோள் கால்வாசிப் படத்தை மறைக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் விரல் மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போடுவது தெரிகிறது, பெண் கண்ணை மூடியிருப்பது தெரிகிறது. ஆல்பத்தில் அதைத்தான் முழுப் பக்கத்துக்கு வைத்தோம். பேலன்ஸ் பணத்தை நான் வாங்கவில்லை. கருவி எங்கே முக்கியம், எங்கே இல்லை என்ற இரண்டையும் எனக்கு அந்த ஒரு பக்கம் கற்றுக்கொடுத்தது. படம் போனில் எடுத்ததா என்று அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிகிற கேமரா அன்று என் கையில் இருந்திருந்தால், அந்த அம்மா அப்படிக் கேட்டிருக்க வேண்டியதே இல்லை.

வாங்குகிறவர் கண்ணுக்கு என்ன தெரியும்? நம்ம பக்கம் பெரும்பாலும் 12-க்கு 36 இன்ச் விரிகிற ஆல்பம். ஒரு பக்கம் 12-க்கு 18. நல்ல பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600-க்கு 5400, அதாவது சுமார் 19.4 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா கொடுப்பது 4000-க்கு 6000. ஒரு பக்கத்துக்கு அது போதும், கொஞ்சம் வெட்டிக்கொள்ளவும் இடம் இருக்கும். 2014-ல் வந்த நிக்கான் டி750-யும் 24 மெகாபிக்சல்தான், 2022-ல் வந்த கேனான் ஆர்6 மார்க் 2-வும் 24 மெகாபிக்சல்தான். மெகாபிக்சலுக்காகப் புது பாடி வாங்குகிறேன் என்றால், ஆல்பத்தில் அது தெரியாது.

வெளிச்சம். படம் கெடுவதில் பாதிக்கு மேல் இங்கேதான். இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

பணம் எப்போது திரும்பும்? தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்குக் கூப்பிடுவார்கள். போகலாம், மனசுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் அதில் தவணை கட்ட முடியாது. ஈ.எம்.ஐ. தேதிக்கு முகூர்த்தம் பார்க்கத் தெரியாது.

உப்புக் காற்று. கடல் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். சைக்கிள் செயினே துருப்பிடிக்கிற ஊரில் கேமரா ஸ்க்ரூ தப்பிக்குமா? லென்ஸில் ஃபங்கஸ் பிடிப்பதற்கு இங்கே தனியாக முயற்சி வேண்டாம், பீரோவில் துணிக்கு நடுவே இரண்டு மாதம் வைத்தால் போதும். எதை வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் சேர்த்துத்தான் விலை. முள் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக எடுத்த மூன்று ஃபங்ஷன்களில் ஆல்பத்துக்குத் தேறாமல் கழித்துப்போட்ட படங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஏன் கழித்தீர்கள் என்று எழுதுங்கள். கொருக்குப்பேட்டைத் தம்பியின் லேப்டாப்பில் நாங்கள் இதைச் செய்தோம். நேர் ஃபிளாஷ் அடித்து முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆனவை ஒரு பெரிய குவியல். அடுத்தது கை ஆடியவை. ஃபோகஸ் தவறியவை கொஞ்சம். பிக்சல் போதாமல் கழிந்தது என்று ஒரு படம்கூட இல்லை.

## ஒன்று: புது ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்

இதில் கிடைப்பது நிஜமான லாபம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் பெரிய விஷயம். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்) திறந்து இரண்டு மீட்டரில் நிற்கிற பெண்ணை எடுத்தால், தெளிவாக விழுவது சுமார் 6 செ.மீ. ஆழம்தான். மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கும். பழைய டி.எஸ்.எல்.ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில்) ஃபோகஸ் புள்ளிகள் நடுவிலேயே கூட்டமாக இருக்கும். மிரர்லெஸ் ஃபிரேமின் ஓரம் வரை கண்ணைப் பிடித்துக்கொண்டே வரும். மாலை மாற்றும்போது இருவரும் ஆடிக்கொண்டிருக்கையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சரி, விலைப் பட்டியலில் இல்லாத செலவுகளையும் பார்த்துவிடுவோம். கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2 லட்சம் கொடுத்தால் அதில் சுமார் 30,500 ரூபாய் வரி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 20 லட்சம் வரவு இல்லாத நம்மில் பெரும்பாலோர் பதிவு செய்வதில்லை, அதனால் அது போனது போனதுதான். பழைய லென்ஸைப் போட அடாப்டர் வேண்டும். நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் பழைய ஏ.எஃப்.-டி லென்ஸுகளுக்கு ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால் திருப்ப வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். கம்பெனிக் கணக்கிலேயே டி.எஸ்.எல்.ஆரான டி750-க்கு ஒரு பேட்டரியில் 1230 படம், மிரர்லெஸ்ஸான சோனி ஏ7 3-க்கு வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 610. ஒரு கல்யாணத்துக்கு 4000 படம், ஒரு படம் 40 எம்.பி. என்றால் 160 ஜி.பி. இரண்டு பிரதி வைத்தால் 320. ஹார்ட் டிஸ்க் மட்டுமா, லேப்டாப்பும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும்.

சத்தமில்லாமல் படம் எடுக்கும் சைலண்ட் ஷட்டரையும் கவனியுங்கள். மண்டப மேடையின் எல்.இ.டி. விளக்குக்குக் கீழே அதில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி வேகத்தை 1/100 விநாடிக்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். புது கேமரா வாங்கிய உற்சாகத்தில் மொத்த ரிசப்ஷனையும் சைலண்டில் எடுத்துவிட்டு வந்து கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல லென்ஸும் லைட்டும் ஏற்கெனவே இருந்து, மாதம் நாலைந்து ஆர்டர் உறுதியாக வருகிறவருக்கு இது சரியான முடிவு. வீடியோவும் சேர்த்து எடுக்கிறவருக்கும்தான். 18-55 லென்ஸோடு நிற்கிறவர் இதற்காக ஈ.எம்.ஐ. போட வேண்டாம்.

## இரண்டு: இருக்கிற பாடி, நல்ல லென்ஸ், நல்ல லைட்

நான் அதிகம் நம்புவது இந்த வழியை.

முதலில் லென்ஸ் கணக்கு. 18-55 லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால் அது எஃப் 5.6. அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 6400-ல் கரகரவென்று வந்த படம் 640 பக்கம் இறங்கிவிடும். சுமார் பத்தாயிரம் ரூபாய் லென்ஸ் இதைச் செய்கிறது. இரண்டு லட்ச ரூபாய் பாடியில் அதே கிட் லென்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டால் இவ்வளவு வித்தியாசம் வராது.

அப்புறம் லைட். நம்ம பக்கம் ரிசப்ஷன் எல்லாம் ஏசி மண்டபத்தில் நடப்பதில்லை. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, சீரியல் செட் கட்டி, வீட்டு வாசலிலேயே மேடை. ஃபிளாஷைச் சீலிங்கில் பவுன்ஸ் அடித்தால் வெளிச்சம் மென்மையாகும் என்று யூடியூப்பில் கற்றுக்கொண்டு வருவார்கள். மேலே பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகப் பந்தல் துணி. அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அந்த நிறத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். பெண்ணின் ஒரு கன்னம் மஞ்சள், இன்னொன்று ரோஸ். போதாக்குறைக்கு டெக்கரேஷன்காரர் இரண்டு பக்கமும் ஊதா நிறத்தில் பார் லைட் (மேடை விளக்கு) வைத்திருப்பார். எந்தக் கேமராவாலும் இதைச் சரிசெய்ய முடியாது, எடிட்டிங்கில் உட்கார்ந்தால் ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் ஆகும்.

வழி எளிது. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். ஒரு ஸ்டாண்ட், ஒரு வெள்ளைக் குடை, கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்கவைக்கும் ஒரு டிரிகர். மேடைக்கு இடப்பக்கம் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில், முகத்துக்கு 45 டிகிரியில் வையுங்கள். இடம் இல்லை என்றால் அசிஸ்டெண்ட் தம்பி கையில் பிடிக்கட்டும். ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினால் ஊதா நிறம் பின்னால் போகும், முகத்தில் உங்கள் வெளிச்சம் மட்டும் நிற்கும். முகூர்த்தப் பட்டின் சரிகை ஒவ்வொரு இழையாகத் தெரிவது அந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான். நேர் ஃபிளாஷில் அதே சரிகை வெள்ளைப் பட்டையாகக் கரைந்துவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுத்த புடவை, ஆல்பத்தில் அந்தச் சரிகையைத் தடவிப் பார்க்கிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதிலும் செலவு ஒளிந்திருக்கிறது. லைட் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நடுத்தெருவில் ஸ்டாண்ட் வைத்தால் ஓடுகிற குழந்தைகள் தட்டிவிடும், மணல் மூட்டை கட்டியே ஆக வேண்டும். பழைய பாடியில் ஒரே கார்டு இடம் என்றால் முதல் அளவுகோலிலேயே இந்த வழி தோற்றுவிடும். அந்த ஒரு காரணத்துக்காக பாடியை மாற்றலாம், மாற்ற வேண்டும்.

## மூன்று: செகண்ட் ஹேண்ட்

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டுவரவில்லை. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால், இரண்டு கார்டு போடும் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். இன்று பாதிக்கும் குறைவான விலைக்கு வருகிறது. கேனான் 5டி மார்க் 3, நிக்கான் டி750 இரண்டும் அந்த வகை. இரண்டின் ஷட்டரும் 1,50,000 தடவை தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. நிக்கானில் எடுத்த ஒரு ஃபைலிலேயே எத்தனை தடவை அடித்தது என்ற எண் பதிந்திருக்கும். கேனானுக்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டும்.

ஷட்டர் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். கடலோர ஊரில் அதைவிட முக்கியம் ஸ்க்ரூ. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அடியில் உள்ள ஸ்க்ரூத் தலைகளைப் பாருங்கள். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் உலோகம் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக் கதவைத் திறந்து உள்ளே உள்ள தகடுகளையும் பாருங்கள். அங்கே உப்பு ஏறியிருந்தால் ஷட்டர் எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். லென்ஸுக்கு, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். தூசி இரண்டு துளி இருந்தால் பரவாயில்லை.

வாரண்டி கிடையாது. சர்வீஸுக்குக் கொடுத்தால் உதிரிபாகம் வர நாள் ஆகலாம், அதற்குள் முகூர்த்தம் வந்துவிடும். அதனால் செகண்ட் ஹேண்ட் பாடியை ஒற்றையாக நம்பாமல், பழைய கேமராவை விற்காமல் துணைக்கு வைத்துக்கொள்கிறவருக்குத்தான் இந்த வழி.

## நான்கு: வாடகை

வருடத்துக்கு நாலு தடவை மட்டும் தேவைப்படுகிற லென்ஸை ஏன் வாங்க வேண்டும்? தூரத்திலிருந்து எடுக்க உதவும் 70-200 எஃப் 2.8 மாதிரி விலை உயர்ந்தவற்றுக்கு வாடகைதான் புத்திசாலித்தனம். புது பாடி வாங்கும் முன் இரண்டு ஃபங்ஷனுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

சிக்கல் என்னவென்றால், வளர்பிறை முகூர்த்த நாளில் எல்லோருக்கும் அதேதான் வேண்டும். பதினைந்து நாள் முன்பே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது. காலையில் வாங்கி நேரே மண்டபத்துக்குப் போவதும் ஆபத்து. ஒருமுறை நான் அப்படி எடுத்துப்போன பாடியில் முந்தைய ஆள் பட்டனை அரை அழுத்தினால் ஃபோகஸ் ஆகாதபடி மாற்றி வைத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பு வந்துவிட்டது, பேண்டு வாசிக்கிறார்கள், கேமரா ஃபோகஸ் ஆகவில்லை. ஃபோகஸைப் பின்பக்க பட்டனில் வைத்திருக்கிறார் என்று புரிய இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்துப் படம் இல்லை.

| வழி | கைவிடாமை | வெளிச்சத்தில் லாபம் | ஒளிந்த செலவு |
|---|---|---|---|
| புது மிரர்லெஸ் | நன்று, துணை பாடி இருந்தால் | ஓரளவு | வரி, அடாப்டர், பேட்டரி, சேமிப்பு, ஆடித் தவணை |
| லென்ஸும் லைட்டும் | பாடியைப் பொறுத்தது | மிக அதிகம் | உதவியாள் சம்பளம் |
| செகண்ட் ஹேண்ட் | இரண்டு பாடி இருந்தால் நன்று | ஓரளவு | சர்வீஸ், உப்பு, ஃபங்கஸ் |
| வாடகை | செட்டிங் பார்த்தால் நன்று | எடுப்பதைப் பொறுத்தது | முகூர்த்த நாள் தட்டுப்பாடு, டெபாசிட் |

## எந்த வேலைக்கு எவ்வளவு கருவி?

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்குப் புடவை, சுடிதார் படம் எடுக்கிறவருக்கு பாடி கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. டிரைபாட், இரண்டு லைட், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. பத்து வருடப் பழைய கேமரா போதும். ஃபிளெக்ஸ் பேனருக்கு போனே போதும்.

விளையாட்டு நேர் எதிர். வியாசர்பாடியில் இரவு ஃபுட்பால், குத்துச்சண்டைப் போட்டி என்று எடுக்கிறவரிடம் "கருவி முக்கியமில்லை" என்று சொன்னால் அது பொய். ஆட்டம் உறைய 1/1000 விநாடி ஷட்டர் வேகம் வேண்டும். மைதான விளக்கில் எஃப் 5.6 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 25,600 கேட்கிற இடத்தில் எஃப் 2.8 லென்ஸுக்கு 6400 போதும். இங்கே பணம் நேராகப் படமாக மாறுகிறது. லென்ஸுக்கு முதலில், பாடிக்கு அடுத்து.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படம் எடுக்கிறவர்களுக்குச் சின்னதாக ஒரு பாடி, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று. அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். ஐஸ் தண்ணீரும் செதிலும் தெறிக்கும். பெரிய வெள்ளை லென்ஸோடு போனால் கூடை வைத்திருக்கும் அக்கா உங்களைப் பார்த்துத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார், எடுக்க வந்த முகம் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். டிரைபாட் காலைக் கழுவாமல் வைத்து, அடுத்த வாரம் பூட்டுத் திறக்காமல் நான் தூக்கிப் போட்டது ஒன்று உண்டு.

கல்யாணம் இவற்றுக்கு நடுவில். அங்கே கருவியின் முதல் வேலை கைவிடாமல் இருப்பது. இன்னொன்று: ஏசி மண்டபத்திலிருந்து கேமராவோடு தெருவுக்கு வந்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடும். துடைத்தால் திரும்ப மூடும். ஊர்வலத்துக்கு எடுக்க வேண்டிய கேமராவை அரை மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. செகண்ட் ஹேண்ட் டி750-க்கு 55,000. பழைய 50 எஃப் 1.8, 85 எஃப் 1.8 இரண்டுக்கும் சேர்த்து 28,000. ஃபிளாஷ் இரண்டு, டிரிகர், ஸ்டாண்ட், குடை 22,000. கார்டுகளும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் 16,000. டப்பா, சிலிக்கா ஜெல், மீட்டர் 1,500. மொத்தம் 1,22,500. மீதி 27,500 ஆடிக்கும் சர்வீஸுக்கும், அதைத் தொடக் கூடாது. விலை அன்றன்றைக்குக் கொஞ்சம் மேலே கீழே போகும். பழைய கிராப் கேமராவை விற்க வேண்டாம். மேடையில் குடும்ப குரூப் படங்களுக்கு 18-55-ஐ எஃப் 8-ல் வைத்து ஃபிளாஷோடு எடுத்தால் அது இன்றைக்கும் நன்றாகவே எடுக்கும், ஏதாவது ஆனால் துணைக்கும் நிற்கும்.

ஆவணியில் தண்டையார்பேட்டையில் அவருக்கு ஒரு சர்ச் கல்யாணம் இருக்கிறதாம். பீடத்துக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள், பின்னாலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு மட்டும் 70-200 எஃப் 2.8-ஐ வாடகைக்கு இப்போதே சொல்லிவைக்கச் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவந்து, வீட்டு வாசலில் போகிற வருகிறவர்களை நூறு படமாவது எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.